மூணாவது குரலுக்குக் காத்திருந்தவ

ராத்திரி ஒன்றரை மணி. அரியாங்குப்பம் ரோடு... ஒரு நாய்கூட இல்ல. மழை விட்டு உப்பங்கழிச் சேத்து வாடை மூக்கைத் துளைக்குது. அந்த நேரத்துல ஒருத்தி தனியா நடந்து போறா. சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சுக்கோ... அப்புறம் ஒண்ணுக்குப் போகத் துணைக்கு வான்னு என்னைக் கூப்புடாத.

எங்கூடப் படிச்ச இராமதாஸ் இருக்கான்ல, அவன் சித்தி தனக்கொடி. நெல்லித்தோப்புல வீடு. புருஷன் வைத்திலிங்கம் சொல்தா, அதான் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்துல ஒயர்லெஸ்காரன், அல்ஜீரியா சண்டைக்குப் போயிருந்தான். கடுதாசி நின்னு மூணு மாசம். ஆபீஸ்ல கேட்டா "காணோம்"னு ஒரே வார்த்தை. செத்தான்னும் சொல்லல, இருக்கான்னும் சொல்லல. பொட்டு வெக்கறதா அழிக்கறதான்னு தெரியாம ஒருத்தி எத்தினி நாள் கண்ணாடி முன்னாடி நிப்பா?

கடைசிக் கடுதாசியில எழுதியிருந்தான்: "அமெரிக்கப் பட்டாளம் ராக்கெட்டுல ஒரு செயற்கைக் கோளம் வுடப் போவுதாம் தனம். இங்க பேசுறத முழுங்கிக்கிட்டு, பூமியச் சுத்திப் போயி அங்க கக்கிடுமாம். கம்பி வேணாம், கப்பல் வேணாம். அதுக்குப் பின்னாடி வுடப்போற கோளமெல்லாம் வானத்துல ஒரே எடத்துல நிக்குமாம். அப்ப பட்டாளத்துலேந்தே தெனம் உங்கூடப் பேசுவேன்."

அறுவதாம் வருஷம் அக்டோபர்ல அந்தக் கோளம் மேல போச்சு. அரியாங்குப்பத்துல ரேடியோ ரிப்பேர் பண்ற கன்னியப்பன், வைத்திலிங்கத்தோட கூட்டாளி. அவன்தான் சொல்லியனுப்புனான். "ஒண்ணே முக்காலுக்கு நம்ம தலைக்கு மேல போவுது அண்ணி. ரேடியோவுல ஒரு கொரல்... நம்ம ஆளு மாதிரி இருக்கு. நீங்களே வந்து கேளுங்க."

தனம் போயி உக்காந்தா. கர்ர்ர்... வால்வு சூட்டுல தூசி கருகுற வாசனை. அப்புறம்...

"தனம்..."

அவன்தான். அதே கரகரப்பு. பதில் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. கையால வாயப் பொத்திக்கிட்டா.

ராத்திரியில பேர் சொல்லிக் கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்கக் கூடாதே. பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்புடாது. மூணாவது தடவை கூப்பிட்டா மனுஷன். அந்த மூணாவது மட்டும் வந்துட்டா, அவன் உசுரோட இருக்கான்!

"தனம்... கேக்குதா?"

ரெண்டு. விரல மடக்குனா. மூச்சு விடல.

கர்ர்ர்... கர்ர்... அவ்வளவுதான்.

"அது நம்ம தலைக்கு மேல பத்து நிமிஷந்தான் அண்ணி இருக்கும்" கன்னியப்பன் கொரல் ஒடைஞ்சு போச்சு. "அடிவானத்துக்குக் கீழ எறங்கிடுச்சு."

"அப்ப மூணாவது?"

அவன் குனிஞ்சு ரேடியோவ அணைச்சான்.

மறுநாள், அதுக்கு மறுநாள்... அதே நேரம், அதே ரோடு. வெறும் இரைச்சல். மேல போன பதினேழாம் நாளே கோளம் ஊமையாயிடுச்சு. அப்புறம் தபால் வந்துச்சு. வைத்திலிங்கம் செத்தது ஆகஸ்ட்ல. கோளம் கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முந்தி.

தனம் மாரடிச்சு அழுதது அவன் செத்ததுக்கு மட்டும் இல்ல. "பேயா இருந்தா என்னா? எம் புருஷன்தானே! அவ்ளோ தூரத்துலேந்து தேடி வந்து கூப்பிட்டாரே... ஏங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியே பாவி நான்!" அதுக்கப்புறம் சோறு எறங்கல. தை பொறக்கறதுக்குள்ள அவளும் போயிட்டா.

கன்னியப்பன் அந்த ரேடியோவப் பிரிச்சுப் போட்டுட்டான். வால்வு தனியா, ஸ்பீக்கர் தனியா. ஆனா ஒண்ணே முக்காலுக்கு... ஒயரே இல்லாத அந்த ஸ்பீக்கர்லேந்து... பொம்பளக் கொரல்.

"ஏங்க... இங்கதான் இருக்கேன்... கேக்குதாங்க?"

பத்து நிமிஷம் கேட்டுக்கிட்டே இருக்குமாம். பதில் மட்டும் வர்றதே இல்லியாம்.