ஜெயம்மா கட்டிய சிவப்புத் துணி

அவைத் தலைவர் விநாயகமூர்த்தி அவர்களே, அலோன் டிராலி பஸ் பணிமனையின் மேலாளரும் நம் பர்மாத் தமிழ்ச் சபையின் புரவலருமான ரெங்கசாமி அவர்களே, தலைக்கு மேல் ஓடும் கம்பியை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே, கியாக்தானிலிருந்து இந்த மழையிலும் பஸ் ஏறி வந்திருக்கும் உறவினர்களே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கலா, எல்லோருக்கும் வணக்கம்.

நான் தமிழரசி. பர்மியர்கள் மரியாதையாக 'டோ' சேர்த்து டோ ஜெயம்மா என்று அழைத்த, மறைந்த நடத்துநரோடு வேலை பார்த்தவள். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவரது ஆன்மா சாந்தியடைய வேண்டினார்கள். நான் வேண்டப்போவதில்லை. என் அக்கா கொஞ்ச காலம் கோபத்தோடேயே இருக்கட்டும். நானும் அப்படித்தான் இருக்கப்போகிறேன்.

எப்படிப்பட்டவர் எங்கள் ஜெயம்மா? லத்தா திருப்பத்தில் மேலே கரண்டு எடுக்கும் பஸ்ஸின் கூரைக் கழிகள் கம்பியை விட்டு எகிறிவிடும். பஸ் நடுத்தெருவில் நின்றுபோகும். கடைத்தெரு முழுக்க ஹாரன் அடிக்கும். அக்கா கொட்டும் மழையில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து, கழிகளை மறுபடி கம்பியில் மாட்டுவார். ஒருநாள் மொத்த வியாபாரி ஒருவர் லாரியிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார். "நீ கத்துறதுக்கெல்லாம் பயந்து தானா மாட்டிக்க இது என்ன உன் பொண்டாட்டியா? பேசாம இருய்யா" என்றார் அக்கா. தெருவே சிரித்தது. அந்த வியாபாரியும் இன்று இங்கே வந்திருக்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விளையாடியதே இல்லை. டிராலி பஸ் ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. மின்சாரம் கசிந்தால் அது தரைக்கு இறங்காமல் பஸ்ஸின் உடம்பிலேயே தங்கிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு வாசல் கம்பியைப் பிடிப்பவர்தான் சாவார். அதனால் தினமும் காலையில் வாசல் கம்பிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பல்பைக் கட்டிப் பார்ப்பார் அக்கா. பல்பு எரிந்தால் அந்த வாசல் கம்பியில் சிவப்புத் துணி கட்டுவார். துணி கட்டிய பஸ் வெளியே போகக்கூடாது. பணிமனையில் இதை அறியாதவர் யாரும் இல்லை.

முதலில் சாதாரணத் துணிதான் கட்டினார். நின்றுபோன கரண்டு திரும்பி வந்த அவசரத்தில் யாராவது அவிழ்த்துவிட்டு பஸ்ஸை எடுத்துப் போவார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா தான் உடுத்திப் பழசான சிவப்புத் தமேனை, அந்தப் பர்மியப் பெண்கள் கைலியை, கிழித்துக் கட்ட ஆரம்பித்தார். பெண் இடுப்பில் கட்டிய தமேனைத் தொட்டால் தங்கள் மகிமை போய்விடும் என்பது பர்மிய ஆண்களின் நம்பிக்கை. அன்றிலிருந்து ஒரு கையும் அதன் பக்கம் போகவில்லை.

அக்கா செத்த அன்று காலையிலும் ஒரு பஸ்ஸில் பல்பு எரிந்தது. அக்கா துணியைக் கட்டிவிட்டு வேறு பஸ்ஸில் வேலைக்குப் போனார். நான் அதற்கு முன்பே போய்விட்டேன். டீ குடித்துவிட்டு வந்த ஓட்டுநர் கோ தூரா பார்த்தபோது துணி இல்லை. "அக்காதான் அவுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். வேற யாரு அதைத் தொடுவாங்க?" என்று என்னிடம் அழுதார். மேலாளரும் எடுத்துப் போகச் சொன்னார். நடத்துநர் இல்லாமலே பஸ்ஸை எடுத்துப் போனார் அவர்.

லத்தா நிறுத்தத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து அக்கா பார்க்கிறார். தான் துணி கட்டிய அதே வண்டி. கம்பியில் துணி இல்லை. கீரைக் கூடையோடு ஒரு பெண் வாசல் கம்பிக்குக் கையை நீட்டுகிறாள். அக்கா குதித்து ஓடினார். அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்தில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க அவர் கை பிடித்தது அந்தக் கம்பியை.

கீரைக்காரப் பெண் உயிரோடு இருக்கிறாள். விசாரணையில் மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? துணியை ஜெயம்மாவே அவிழ்த்தாராம். அவருடைய கவனக்குறைவாம். செத்தவள் வந்து மறுத்துப் பேசமாட்டாள் என்ற தைரியம் ஐயா அது.

அன்று பணிமனையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் பர்மிய ஆண்கள். அந்த ஒருவர் நம் தமிழ் ஆள். நம் கோயில் திருவிழாவில் முதல் மாலை வாங்குபவர். துணி கட்டிய பஸ் போகக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அது எந்தத் துணி என்பதுதான் தெரியாது. அடக்கத்தன்று அவருடைய கார் ஓட்டுநர் இப்ராஹிம் ஒரு சிவப்புத் துணியால் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் தமேனில் இருந்த அந்தப் பூவும் கரையும் எனக்குத் தெரியாதா? "எங்க கெடச்சுது?" என்று கேட்டேன். "ஐயாதான் பணிமனையிலேருந்து கொண்டாந்து குடுத்தாரு, கண்ணாடி தொடைக்க" என்றார். விஷயத்தைச் சொன்னதும் இப்ராஹிம் கார்ச் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

எழ வேண்டாம் ரெங்கசாமி அவர்களே. நான் இன்னும் முடிக்கவில்லை. நீங்கள் அனுப்பிய மலர் வளையம் வாசலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மன்னிப்பு கேட்டாலும் எங்களிடம் கிடையாது.

அக்கா, உன் வேலையை நாங்கள் செய்வோம். நாளை காலையிலிருந்து எல்லா டிராலி பஸ்ஸிலும் எங்கள் தமேன் துணி கட்டியிருக்கும். பல்பு வைத்துப் பார்த்த பிறகு பெண்கள் நாங்கள்தான் அவிழ்ப்போம். உன்மேல் பழி சொன்னவர் மேலாளர் நாற்காலியில் இருக்கும்வரை அவிழ்க்கவே மாட்டோம். ஓட்டுநர்கள் சம்மதித்துவிட்டார்கள். கம்பியில் கரண்டு ஓடட்டும், பஸ் ஓடாது.

நான் பேசும்போது முன்வரிசையிலிருந்து கலா எழுந்து போனதைப் பார்த்திருப்பீர்கள். திரும்பிப் பாருங்கள். இந்த மண்டபத்துக்கு இருப்பது அந்த ஒரே கதவு. அதன் கைப்பிடிகளைச் சேர்த்து அவள் கட்டியிருப்பது தன் தாயின் தமேன் துணி. யாரும் அதைத் தொட வேண்டாம், தமிழர்களும் தொட வேண்டாம். நாம் அவசரப்படவில்லை, உட்கார்ந்திருப்போம்.

ரெங்கசாமி அவர்களே, இப்போது நீங்கள் எழுந்து போகலாம். அன்று அவிழ்த்த மாதிரியே அவிழ்த்துவிட்டுப் போங்கள். நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம்.