காந்தம் ஒட்டாத கல்

என் அலமாரியில் இருந்த கற்களை உங்கள் ஆட்கள் வெறுங்கையால் எடுத்தார்கள். வியர்வை பட்டால் அவை கெட்டுப்போகும். கொஞ்சம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள் ஐயா.

தங்கையின் கணவரும் நானும் பதினொரு வருடமாக அந்த வறண்ட சமவெளியில் விண்கல் தேடினோம். தடியின் நுனியில் ஒரு காந்தம், அவ்வளவுதான் எங்கள் கருவி. மாப்பிள்ளை முன்னால் நடப்பார். கருப்பாகக் கிடக்கும் கல்லையெல்லாம் தட்டிப் பார்ப்பார். ஒட்டினால் பைக்குள் போகும். ஒட்டாததைத் தூர எறிந்துவிடுவார். அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சிறுகோள்களில் சில, பிறந்த புதிதிலேயே உருகிப்போனவை. இரும்பெல்லாம் உள்ளே இறங்கிவிட, மேலே எரிமலைக் குழம்பு பரவி உறைந்தது. பிறகு எப்போதோ ஒரு மோதலில் அந்த மேல்தோல் பெயர்ந்து, ஒரு துண்டு இங்கே வந்து விழுகிறது. அதில் காந்தம் ஒட்டாது. நூறு விண்கல்லில் ஐந்தாறு தேறினால் அதிகம். மாப்பிள்ளை எறிந்தவற்றில் அதைத் தேடி நான் பின்னால் பொறுக்கிக்கொண்டே வந்தேன். வேண்டாமென்று எறிந்ததை எடுப்பது திருட்டாகாது.

போன மாதம் ஒரு காலை, ஒட்டாத கல் ஒன்றை அவர் எறியவில்லை. உள்ளங்கை அளவு, வார்னிஷ் பூசியதுபோல் கருந்தோல், உடைந்த மூலையில் வெளிர் சாம்பல்.

“லைப்ரரியில ஒரு புத்தகம் படிச்சேன் மச்சான். இதுதான அசல்?” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “இத்தனை வருஷமா நான் எறிஞ்சதெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது அவருக்குக் கால் சறுக்கியது. நான் தள்ளவில்லை. கணுக்கால் முறிந்த சத்தம் மேலே நின்ற எனக்கே கேட்டது.

“நீங்க போய் ஆளக் கூட்டிட்டு வாங்க மச்சான். கல்லப் பத்திரமா வச்சுக்குங்க” என்று அவரே என் கையில் கொடுத்தார். தண்ணீர்ப் பை என் தோளில் இருந்தது. அதைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கல்லை அறுத்தேன். அவசரப்பட்டால் விரிசல் விடும். அறுத்து மெருகேற்ற இரண்டு நாள் பிடித்தது. “அண்ணா, அவரு போனே எடுக்கலயே” என்று தங்கை நாலு முறை கூப்பிட்டாள். சிக்னல் இல்லாத இடம் என்றேன். அது பொய்யில்லை.

அந்தத் தடியை இப்போது நீங்கள் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் காந்தம் கல்லில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது. பல் தேய்க்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது. தட்டுகிற சத்தம் மட்டும்தான், எறிகிற சத்தம் வருவதில்லை. பயமாக இருக்கிறது ஐயா.

மூன்றாம் நாள் அவரைக் காப்பாற்றத்தான் போனேன். படுத்தபடியே கைக்கெட்டிய கற்களையெல்லாம் தட்டிப் பார்த்து, ஒட்டாதவற்றை எனக்காகச் சட்டையில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தேன். மூச்சு இருந்தது. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பதினாலு கல். ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் ஓடைக் கல். பார்த்து முடித்தபோது அவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

நான் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.