உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்

1999, கார்த்திகை. திருச்செந்தூரிலிருந்து நெல்லை வரும் மாலை ரயில், மூன்றாவது பெட்டி. எதிர் இருக்கையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் தம் அலுவலக மூத்தவரிடம் சொன்னார்:

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள சாப்ட்வேர்லயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கு, அண்ணாச்சி. ஆபீஸ்ல இருந்தே போன் லைன் வழியா அதுல தட்டலாம்."

"முழிச்சுக்கிட்டே கனா காணுதீரு வே."

"நெசந்தான். தமிழ் எழுத்து அந்த உள்ள இருக்கதுலதான் இருக்கு. பிரிண்டரை அதோட சேக்கதுக்குள்ள போதும்போதும்னு ஆயிட்டு."

"எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"வீட்டுக்காரி நாலு நாளா பேசல. போன் அடிச்சா எடுக்க மாட்டா. அவ எடுக்கலன்னா கம்ப்யூட்டரைப் போன் லைனோட சேக்குற மோடம் எடுத்துக்கிடும். காலைல ஆபீஸ்ல இருந்து 'தப்பு என் மேலதான்'னு தட்டுனேன். அங்கன பேப்பர்ல வந்துச்சான்னு தெரியல. திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருந்தேன்."

"படிச்சாளா?"

ரயில் ஆற்றுப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. கீழே தண்ணீரில் இன்னொரு ரயில் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. இளையவர் அதையே பார்த்தார்.

"மத்தியானம் மறுபடி போன் போட்டேன். மோடம் எடுக்கல."

"ஏன் வே?"

"அவ எடுத்துட்டா."

"என்ன சொன்னா?"

"வரும்போது பிரிண்டருக்குப் பேப்பர் வாங்கிட்டு வரணுமாம்."