நீல மூடிப் புட்டி

டிகாக்‌ஷனைக் கொட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் அபிராமபுரம் வீட்டில் எந்தப் பாத்திரமும் என் கையால் ஒழுங்காக இடம் மாறியதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபில்டர் நழுவி, கொதிக்கக் கொதிக்க அண்ணாவின் வலது தொடையில் கவிழ்ந்தது.

அண்ணா சுப்பராமன் வக்கீல். காப்பி ஆறிப்போனாலே கோர்ட்டில் நிற்பதுபோல வாதாடுகிறவர். அன்று வாயே திறக்கவில்லை. தொடை சிவந்துகொண்டிருக்க, பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பியபோது உதட்டின் ஒரு ஓரம் தொங்கியிருந்தது.

பக்கவாதம். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தலைமுடி கொட்டுமளவுக்கு இதைத்தான் ஆராய்ந்திருக்கிறேன். மூளையில் ரத்தம் அடைபட்டால் எல்லா நரம்பு செல்களும் அப்போதே சாவதில்லை. நடுவில் உள்ளவை போய்விடும். சுற்றியுள்ளவை சில மணி நேரம் உயிரோடு ஊமையாகக் கிடக்கும். அதற்குள் செல்லுக்குள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி, அது அடுத்ததைத் தட்டி, ‘இனிப் பிழைக்க வழியில்லை’ என்று ஒரு சேதி ஓடும். தண்ணீர் லாரி வராது என்று அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் கிளம்புமே, அந்த மாதிரி. அதை நம்பி செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். என் மருந்து, அந்தக் குழுவைப் பூட்டிவிடும் அட்மின்.

மருந்து போட்டதும் எலிகள் எழுந்து ஓடின. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டால், ‘மேலும் தரவு தேவை’ என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதே பதில். மனிதத் தரவு கேட்பார்கள், மனிதரைத் தரமாட்டார்கள். எலிகளுக்கே என்மேல் பரிதாபம் வந்திருக்கும்.

அந்த வாரம் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ் பழுது. அதனால் இரண்டு புட்டிகள் எங்கள் வீட்டில், தோசை மாவுக்குப் பின்னால் இருந்தன. சிவப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புத்தண்ணீர். எது எதுவென்று ஆயத் என்ற என் மாணவிக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தொழிலில் அதுதான் முறை. ஊசி போடுகிறவனுக்குத் தெரிந்துவிட்டால், அவன் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

நீலத்தை எடுத்து அண்ணாவுக்கு ஊசி போட்டேன்.

தேனாம்பேட்டையில் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அங்கே அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. அதைப் போட்டுவிட்டால், அண்ணா எதனால் எழுந்தார் என்று யார் சொல்வது? அவர் இடது கையால் கைபேசியைக் காட்டினார். சார்ஜ் குறைவாக இருந்தது. அதை உள்ளறையில் கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டேன்.

மன்னி கோயிலிலிருந்து வந்தார்.

“அண்ணா அசந்து தூங்கறார் மன்னி, எழுப்பாதீங்கோ.”

“ஞாயித்துக்கிழமைன்னா உங்கண்ணாவுக்கு ரெண்டு தூக்கம். நீ வா, அடை ஆறிண்டிருக்கு.”

சாப்பிட்டேன். மன்னி மனசு கோணக் கூடாது. நடுநடுவே போய் அண்ணாவின் விரல் அசைகிறதா என்று பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடச் செய்தேன். சாயங்காலம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான்; அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“ரெண்டு புட்டியையுமே போட்டிருக்கலாமே சார்?” என்று கேட்டீர்கள். போட்டிருந்தால், மருந்து உள்ளே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிருக்கும். அப்புறம் அது என்ன சோதனை?

அண்ணாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வலது கை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதற்குத்தான் இந்த ஊரில் ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. டாக்டர், “ஸ்கேன்ல அதெல்லாம் தெரியாது” என்கிறார். என் வக்கீல், “கொஞ்சம் வாயை மூடிண்டு இருங்கோ” என்கிறார். ஆயத் போனையே எடுப்பதில்லை. நான் கபாலியிடம் வேண்டுவதெல்லாம் நீலத்தில் உப்புத்தண்ணீர் இருக்க வேண்டும் என்பதுதான். அண்ணாவுக்கு நான் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று ஆகிவிட்டால் போதும். அப்படியானால் மருந்து தோற்கவில்லை.

நல்லவேளை, சற்றுமுன் ஆயத்தை உள்ளே அழைத்து வந்தீர்கள்.

“நீலத்துல என்னம்மா இருந்தது?” என்று கேட்டேன்.

அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் தலையசைத்தீர்கள்.

“மருந்துதான் சார். நீங்க அவருக்குப் போட்டது மருந்துதான்.”