ஏழு நாள் நகல்

— என்னக்கா சொல்ற? பூசைக்கு சூளை கம்ப்யூட்டரையும் அணைப்பீங்களா?

— ஆமாண்டா நெலவா. ஜாடியும் கப்பும் அடுக்கி புதுசா சூளை பத்த வெக்கிறதுன்னா சும்மாவா? எல்லாத்தையும் அணைச்சி, கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டித்தான் தொறப்போம். நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?

— ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூசாரி வந்துட்டாரா?

— இன்னும் வரல. கம்ப்யூட்டர மட்டும் அணைச்சாச்சு. டேய், நீ ஒண்ணும் இல்லன்னு சொன்னாலே என்னமோ இருக்குன்னு அர்த்தம். என்ன பண்ணித் தொலைச்ச?

— காலையில எல்லா யூனிட்டுக்கும் புது புரோகிராம் அனுப்பிச்சேன் இல்ல, அதுல ஒரு தப்பு. சூளையில தீ அணைஞ்சா கேஸு தானா நிக்கணும். இதுல நிக்காது. உள்ளயே சேந்துக்கிட்டு இருக்கும். தெரியாம எவனாவது மறுபடி பத்த வெச்சா...

— அடப்பாவி! ஆளே வெந்துடுவானேடா!

— அக்கா, மாமா எங்க? சூளைகிட்ட நிக்கிறாரா?

— இல்லடா. பக்கத்து யூனிட்டுல ஆளு வரலன்னு அவர கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு அங்கதான் வேலை.

— அப்பாடா. பொழச்சேன்.

— என்னடா அப்பாடா? அவருக்குப் பதிலா இங்க சூளைகிட்ட சேரன் நிக்கிறாரு, ரெண்டு பொண்ணுங்கள பெத்து வெச்சிருக்காரு. அந்தத் தப்ப நீ திருத்தலியா?

— திருத்தி அப்பவே ரெஜிஸ்ட்ரியில ஏத்திட்டேன்க்கா. புரோகிராமெல்லாம் அங்கேர்ந்துதான் வருது. ஆனா நடுவுல, உன் மேசைக்குப் பக்கத்துல ஒரு பெட்டி வெச்சிருக்கேன் பாரு, அது காலையில வந்த கெட்ட நகலையே புடிச்சி வெச்சிருக்குது. சூளை கம்ப்யூட்டர தொறந்த உடனே அதைத்தான் எடுத்துக் குடுக்கும்.

— அது ஏன் புடிச்சி வெக்கணும்?

— நெட்டு அடிக்கடி போவுதே, சூளை நின்னுடக் கூடாதேன்னு ஏழு நாளைக்கி கேச்சுல வெச்சிக்கன்னு நாந்தான் செட்டிங் போட்டேன். மொத நாளு கொழம்ப நீ பிரிட்ஜில வெக்கிறியே, அந்த மாதிரி.

— நான் ஊசிப்போனா கொட்டிடுவேண்டா!

— அதத்தான் இப்ப நீ கொட்டணும். வெளியிலேர்ந்து யாரும் நுழையக் கூடாதுன்னு அந்தப் பெட்டிய பூட்டி வெச்சிருக்கேன், என்னாலயே முடியாது. நான் பஸ்ஸுல இருக்கேன், இப்பத்தான் மங்கலம்பேட்டை தாண்டுது.

— இன்னிக்கு பத்த வெக்காதீங்கன்னு சேரன்கிட்ட சொல்லிட்டு வந்துடட்டா?

— ஓடு, ஓடு! போனை வெக்காத.

— ...சொன்னேண்டா. நல்ல நேரம் போவுது சாவித்திரிம்மா, ஓனருகிட்ட யாரு திட்டு வாங்குறதுங்குறாரு. பாத்தேன், கற்பூர டப்பாவ எடுத்து என் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். தேடட்டும். என்ன தட்டணும், சொல்லு.

— அந்தப் பெட்டியோட மானிட்டர போடு. கறுப்பா வருதா? ரெஜிஸ்ட்ரின்னு அடி, இடம் வுடு, கேச்னு அடி, இடம் வுடு, ஷோ. அப்புறம் என்டரு.

— இரு, இரு, அடிக்கிறேன்... அப்படி ஒரு கமாண்டே இல்லன்னு திட்டுது.

— இடம் வுட்டியா?

— வுடல. ...ம், இப்ப வந்துச்சு. ஏழு நாளுன்னு காட்டுது. அய்யோ, பூசாரி வண்டி வந்து நிக்குதுடா!

— ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப ரெஜிஸ்ட்ரி, கேச், செட், அப்புறம் ஜீரோ. இனிமே அது எதையும் புடிச்சி வெக்காது.

— அடிச்சிட்டேன். சரிங்குது. கொளஞ்சியப்பா, இது மட்டும் ஆவலன்னா உன் கோயில்ல இவன் மேலயே சீட்டெழுதி பிராது கட்டுவேன்.

— கட்டு, கட்டு. மொதல்ல உள்ள கெடக்குறத கொட்டு. ரெஜிஸ்ட்ரி, கேச், கிளியர்.

— கேள்வி கேக்குதுடா. எஸ்ஸா, நோவா?

— எஸ்ஸு! எஸ்ஸு!

— வெளியில கற்பூரம் எங்கடான்னு கத்துறாங்க... அடிச்சிட்டேன். சுத்துது... இன்னும் சுத்துது... டேய், காலின்னு வந்துடுச்சு!

— மறுபடி ஷோ போட்டுப் பாரு.

— ஜீரோ. ஒண்ணும் இல்ல உள்ள.

— அக்கா, நீ தெய்வம்க்கா. எனக்கு அழுவ வருது. இனிமே தொறந்தா திருத்துனதுதான் வரும்.

— பஸ்ஸுல ஒக்காந்து அழுவாத, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க. இரு, டப்பாவ குடுத்துட்டு வந்துடறேன். ஆமா, மத்த யூனிட்டுலயும் இதே பெட்டிதானே வெச்சிருக்க?

— இதேதான். ஆனா அங்க பயமில்ல. பழைய புரோகிராம்தான் ஓடிக்கிட்டிருக்கும், அது நல்லது. கம்ப்யூட்டர அணைச்சித் தொறந்தாத்தான் புதுச எடுக்கும். இந்தப் பூசைக் கிறுக்கெல்லாம் உங்க ஓனருக்குத்தான். விருத்தாசலத்துல எறங்கி ஒவ்வொண்ணா போயி கொட்டிட்டு, ராத்திரி உன் வூட்டுக்குத்தான் சாப்பிட வரேன்.

— வா, வா. டப்பாவ குடுத்துட்டேன். இரு, பூசாரி கூப்புடுறாரு.

— அக்கா? லைன்ல இருக்கியா?

— நெலவா... பூசாரி என் கையில ஒரு தொன்னை சுண்டல் குடுக்குறாருடா. பக்கத்து யூனிட்டுலயும் கம்ப்யூட்டர அணைச்சி, பொட்டு வெச்சி, பூசைய முடிச்சி, சூளைய பத்த வெச்சிட்டு வராராம். உங்க மாமாதான் எனக்குன்னு குடுத்தனுப்புனாராம்.