தம்போத்தித் துண்டுகள்

பேனா கடைகிற வீட்டில் விறகுக்குப் பஞ்சம் வராது, சார். கழிக்கிற துண்டுகளே அடுப்புக்குப் போதும்.

நான் மான்கொம்பு கடைவேன், காட்டுப்பன்றித் தந்தம் கடைவேன், மோபானே மரத்து வேரைக்கூட விடமாட்டேன். எல்லாவற்றையும் துளையிட்டுப் பித்தளைக் குழலில் ஏற்றிவிடுவேன். பெருஞ்சாலையில் வண்டியை நிறுத்தும் வெளிநாட்டுக்காரர்கள் முதலில் எடுப்பது தம்போத்தி மரப் பேனாவைத்தான். அதன் மணம் அப்படி. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள்.

அந்த மரத்தை மட்டும் அடுப்பில் வைக்கக் கூடாது. அதன் புகையில் வாட்டிய இறைச்சி வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். எங்கள் பக்கத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். அதனால் அந்தத் துண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டிப் பட்டறைக்குப் பின்னால் புதைத்துவிடுவேன். பெரும்பாலும்.

சமுகெலே என் ஒரே மகள். நான் கடைவேன், அவள் மெருகேற்றுவாள். அவள் புருஷன் டெலாணிக்கு ஜொகான்னஸ்பர்க்கில் வெல்டிங் வேலை. எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு மாடு கொடுத்து முறையாகக் கட்டியவன், கூப்பிட அவனுக்கு உரிமை உண்டு. நான் தடுக்கவே இல்லை. "போயிட்டு வாம்மா" என்றுதான் சொன்னேன்.

தொலைதூரப் பயணம் என்றால் ஆடு அறுத்து முன்னோரிடம் சொல்லிக்கொள்வோம். முதலில் வாட்டும் இறைச்சியைப் பயணம் போகிறவர் மட்டும் சாப்பிடவேண்டும். மற்றவர்களுக்கு அப்புறம்தான்.

முதல் தடவை கட்டைவிரல் அளவில் ஒரு துண்டுதான் வைத்தேன். அவள் படுத்துக்கொண்டாள், பஸ் போய்விட்டது. பயணத்துக்கு முன் உடம்பு படுத்தினால் முன்னோர் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். நான் பொய் சொல்லவில்லை, சார். ஊர்க்காரர்கள் தாங்களாகவே சொல்லிக்கொண்டார்கள். சமுகெலே என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். "நீ இல்லேன்னா என் கதி என்னம்மா ஆவும்" என்றாள். அந்த மாதிரி ஒரு சொல் கேட்க எத்தனை தாய்க்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

அடுத்த தடவையும் ஒரு துண்டுதான். பக்கத்து வீட்டு மாடூபே வந்து, "ஏன்டி, ஜோபர்க் பஸ்ஸப் பாத்தாலே உனக்கு வயித்தால போவுதே, புருஷன் மூஞ்சிய நெனச்சா என்ன ஆவுமோ" என்று கிண்டல் செய்தாள். சமுகெலே படுத்தபடியே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டெலாணி போனில், "அத்தை, உங்க பெரியவங்களுக்கு எம்மேல அப்படி என்ன கோவம்? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"வாங்க மாப்பிள்ளை. ஆடு அறுத்து வைக்கிறேன்" என்றேன்.

அவன் வரவேண்டிய நாள் காலையில் சமுகெலே பட்டறைக்கு வந்து நின்றாள்.

"இந்தத் தடவ வயித்தப் புடிச்சிக்கிட்டாவது ஏறிடுவேம்மா."

"அப்படி என்னடி அவசரம்?"

மரத்தூள் படிந்த என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "இதுக்குத்தான். அவருக்கே இன்னும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அடுப்பு மூட்டப் போனேன்.

மத்தியானமே அவளால் நிமிர முடியவில்லை. "மாமோயோ, இது முன்ன மாதிரி இல்ல, ஆஸ்பத்திரிக்கு வண்டிய வரச்சொல்லட்டுமா?" என்று மாடூபே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதறினாள். வண்டியில் ஏறினால் அப்படியே டெலாணியோடு போய்விடுவாளோ என்று எனக்கு ஒரு நினைப்பு. "பொறு, சரியாயிடும்" என்றேன். கடைசியில் டெலாணி வந்துதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உடம்பில் நீரே இல்லை, தாமதமாகிவிட்டது என்று நர்ஸம்மா சொன்னாள். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறோம். பட்டறையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம்.

எந்தத் தாய் பிள்ளையைக் கொல்ல நினைப்பாள்? நான் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

முன்பெல்லாம் ஒரு துண்டு வைத்தவள் இந்தத் தடவை ஏன் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாய் என்று கேட்கிறீர்கள். யோசித்துத்தான் போட்டேன், சார். முன்பு ஒருத்தியை நிறுத்தினால் போதும். இந்தத் தடவை இரண்டு பேரை நிறுத்தவேண்டியிருந்தது.