கைமாறிப் போன பிறந்தநாள்

— கத்தியப் புடிம்மா சுசி. அப்பா ஒங்கைமேல கைய வச்சிக்கிறேன். சேந்து கேக்கு வெட்டலாம்.

— நா வெட்ட மாட்டேன்.

— ஏம்மா? நல்லம்பள்ளி மாமா வந்திருக்காரு, ஏரியூர் அத்தை வந்திருக்காங்க. கேக்கப் பாரு, வேர்த்து ஒழுகுது. ‘சுசித்ராவுக்கு அஞ்சு வயசு’ன்னு எழுதினதுல ‘வயசு’ கரைஞ்சே போச்சு.

— எனக்குப் பொறந்தநாளு இல்லப்பா. குடுத்துட்டேன்.

— என்னத்தக் குடுத்துட்ட?

— பொறந்தநாள.

— ஏ நிர்மலா! இங்க வா. உம்பொண்ணு என்னமோ சொல்றா, எனக்கு ஒண்ணும் வெளங்கல.

— நல்லாருக்குது நாயம்! நேத்து வரைக்கும் ஊரெல்லாம் ‘எம்பொண்ணு, எம்பொண்ணு’. அடம் புடிச்சா மட்டும் எம்பொண்ணா? மொதல்ல கொல்லையில போயிப் பாருங்க. யாரு வூட்டு ஆட்டுக்குட்டியோ காலையிலருந்து கத்துது. தொரத்தினாலும் போவல.

— ஆடு கெடக்குது வுடு. இவ சாமர்த்தியம் உனக்குத் தெரியாது. பொய்யில்ல, கேளு. கால் செருப்பக் குடுத்துக் கோழிக்குஞ்சு வாங்கினா. அந்தக் குஞ்சக் குடுத்து எதுத்த வூட்டுப் பூனைய வாங்கினா. பூனை அன்னிக்குச் சாயங்காலமே பழைய வூட்டுக்குப் போயி, அந்தக் குஞ்சையும் தின்னுட்டு வந்து நம்ம வூட்டுல படுத்துக்கிச்சு. இவளுக்கு நட்டம் உண்டா?

— செருப்பு போச்சே, அது நட்டமில்லியா? நீங்க மெச்சி மெச்சித்தான் இன்னிக்குப் பொறந்தநாளே போயிருக்குது.

— சரி, கண்ணு. யாருகிட்ட குடுத்த?

— பெரியப்பாகிட்ட.

— எந்தப் பெரியப்பா?

— வேலிக்கு அந்தாண்ட இருக்கற பெரியப்பா. நீ பேசாத பெரியப்பா. அவரு ஒருநாளுகூட கேக்கு வெட்டினதில்லியாம். பாவம்தானே? ஆமாவா, இல்லியா?

— நிர்மலா, கொஞ்சம் தண்ணி குடு.

— தண்ணி அப்புறம். வரப்புமேல நிக்கற ஒத்த மாமரத்துக்காக அண்ணந்தம்பி ரெண்டு வருசமா மூஞ்சியப் பாக்கறதில்ல. ஒருத்தர் பறிக்கப் போனா இன்னொருத்தர் கல்லெடுக்கறது. பழம் பூராவும் அணிலுக்குத்தான். இப்பப் போயி அண்ணனக் கூப்புடுங்க.

— அது சாதா மரமா? பொய்யில்ல, கேளு. அதுல பழுத்த செந்தூராவ மொரப்பூர் ஸ்டேசன்ல கொண்டுபோயி வச்சா, நிக்காத ரயிலும் நின்னு மோந்து பாத்துட்டுத்தான் போவும். அதுல ஒரு கெளையக்கூட விட்டுக் குடுக்க மாட்டேன். நா போயிக் கூப்புடறதா?

— அப்ப நானும் வெட்ட மாட்டேன். குடுத்ததத் திருப்பிக் கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன? ஆமாவா, இல்லியா?

— சொன்னேந்தான்.

— வாசல்ல சனம் கைதட்டக் கையத் தூக்கிக்கிட்டே நிக்குதுங்க. போங்க.

— அண்ணா… மாதேசண்ணா! சித்த வூட்டுக்கு வந்துட்டுப் போ.

— கூப்புட மாட்டியான்னு காலையிலயே குளிச்சுட்டு, புது வேட்டி கட்டிக்கிட்டு வேலியோரமா நிக்கறேண்டா மாதவா. காலு மரத்துப் போச்சு.

— அப்ப நெசமாவே இவ பொறந்தநாள வாங்கிட்டியா?

— அதாகப்பட்டது, சும்மா வாங்கல. உம்மவ சும்மா தருவாளா? ‘பதிலுக்கு என்ன தருவ பெரியப்பா’ன்னா. அதாகப்பட்டது, நம்மகிட்ட என்னடா இருக்குது? வரப்பு மாமரத்த நீயே வச்சிக்கோ சாமின்னுட்டேன்.

— அண்ணா…

— என்னடா அழுவற?

— அழல. மெழுகுவத்திப் புகை.

— அத இன்னும் பத்தவே வைக்கலீங்க. உள்ள வாங்க மாமா. நீங்க இந்த வூட்டுல கை நனைச்சு ரெண்டு வருசமாச்சு. கத்தியப் புடிங்க.

— பாத்தியா நிர்மலா எம்பொண்ண! ஊர்ப் பஞ்சாயத்தே கைகழுவின வழக்கு. பல்லு வெளக்கத் தெரியாத புள்ள தீத்து வச்சுட்டா. நாளைக்கே மரத்துல ஏணியப் போடறேன். அண்ணனுக்குப் பாதி, நமக்குப் பாதி.

— ஏணி வேணாம்ப்பா.

— ஏம்மா?

— மரம் எங்கிட்ட இல்ல. மேகலைகிட்ட குடுத்துட்டேன். அங்கன்வாடியில எம்பக்கத்துல உக்காருவாளே, முனியப்பன் மாமா பொண்ணு.

— மாதவா, எனக்குத் தலை சுத்துது. நேத்து சாயங்காலம் முனியப்பன் கூடையோட மரத்தடியில நின்னான். என்னடான்னு கேட்டதுக்கு, ‘இனிமே நம்ம மரந்தானுங்களே’ன்னு சிரிச்சான். வெளையாட்டுக்குச் சொல்றான்னு நானும் சிரிச்சுட்டு வந்தேன்!

— சுசி… பதிலுக்கு நீ என்னம்மா வாங்கின?

— கொல்லையில கத்துதில்ல? அதாம்பா மரம்.